மெலிந்த வீரர் டெவான்ட்டா ஸ்மித்

கால்பந்து என்றதும் காலால் உதைத்து ஆடும் ஆட்டமே நம் நினைவிற்கு வரும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ அப்பெயரால் வழங்கும் ஆட்டம் முற்றிலும் வேறு. அங்கே பந்து முட்டை வடிவினது. பெரும்பாலும் அதைக் கையில் ஏந்தித்தான் ஓடுவார்கள். உதைப்பது எப்போதாவதுதான்! பிறகு கால்பந்து என்ற பெயர் எதற்கு என்று முதலில் நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்த ஆட்டத்தில் சிறந்து விளங்கிய ஒரு கல்லூரி மாணவரின் வரலாற்றை அறிந்தபின், சிரிப்பு மறைந்து வியப்பே மிஞ்சியது. அவரைப் பற்றிக் கூறுமுன் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

அணிக்கு 11 பேர். களத்தின் நீளம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அதற்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள். எதிரணியின் எல்லைக் கோட்டிற்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்ப்பது 'டச் டவுன்'. அதற்கு 6 புள்ளிகள். பந்தை எறிபவரைக் 'குவார்ட்டர்பேக்' என்பர். களத்தின் ஓரத்திலிருந்து பாய்ந்தோடி அதைப் பிடிப்பவர் 'வைட் ரிசீவர்'.

பிடிப்பது எளிதென்று எண்ணிவிடாதீர்கள். எத்தனை அடி ஓடி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். பல வேளைகளில் அவர் திரும்பிப் பார்க்குமுன்பே பந்து எறியப்பட்டுவிடும். அவர் இருக்கும் இடத்திற்கு அன்று, வந்து சேரப்போகும் இடத்திற்கு! பந்து காற்றில் எழுமுன் எதிராளி அவரைத் தள்ளித் தடுக்கவும் விதி இடம் தருகிறது. இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான ஓட்டங்களில் பந்து அவரிடம் வராது, வேறொருவருக்குப் போகும். ஆயினும் தமக்கே வரப்போவதுபோல் அவர் முழு வேகத்தில் ஓடவேண்டும். அப்போதுதான் காவலாளி ஏமாந்து அவர் பின்னே செல்வான். அந்த வீண் ஓட்டங்களை எந்தக் கணக்கேட்டிலும் எழுதுவதில்லை.

டெவான்ட்டா ஸ்மித் 1998-இல் பிறந்தவர். லூயிசியானா மாநிலத்தில் அமீட் என்னும் சிற்றூர்க்காரர். ஆறடி உயரம், ஆனால் எடையோ ஏறத்தாழ 75 கிலோதான். 100 கிலோவுக்கும் மேற்பட்டவர்கள் மோதும் களத்தில் இந்த உடம்பு தாங்குமா என்று பலரும் ஐயுற்றனர். அவர் கண்ட வழி எளியது: எதிராளியின் கையில் அகப்படாமலிருப்பது! ஓட்டத்தின் நடுவே சட்டென நின்று திரும்பும் கால்களும், பந்தை நழுவவிடாத கைகளுமே அவருடைய மூலதனம்.

2017-இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலாண்டில் அவர் பிடித்த பந்துகள் மொத்தமே 8. அவற்றுள் ஒன்றை நாடே பார்த்தது. 2018 ஜனவரி 8 அன்று ஜார்ஜியாவுடன் தேசிய இறுதிப் போட்டி. இடைவேளையின்போது அலபாமா 0–13 எனப் பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் நிக் சேபன், அதுவரை பந்தெறிந்துவந்த ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, முதலாண்டு மாணவர் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். (இந்த ஹர்ட்ஸின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வருவார்.) ஆட்டம் 20–20 எனச் சமனாகிக் கூடுதல் நேரத்திற்குச் சென்றது. ஜார்ஜியா 3 புள்ளிகள் எடுத்தது. அலபாமா தன் முதல் முயற்சியிலேயே 16 கெஜம் பின்னே தள்ளப்பட்டது. அடுத்த எறியில் பந்து 41 கெஜம் பறந்தது. அதன் கீழே ஸ்மித் இருந்தார். 26–23!

இனி அவர்தான் நாயகர் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. அவருடன் ஆடிய ஜெரி ஜூடி, ஹென்றி ரக்ஸ் ஆகியோரைப் பற்றியே பேச்செல்லாம். 2019-இல் ஒரே ஆட்டத்தில் 5 டச் டவுன் எடுத்தும், அணியிலேயே மிகுதியாக 1,256 கெஜம் ஈட்டியும் அந்நிலை மாறவில்லை. 2020-இல் அவ்விருவரும் தொழில்முறை அணிகளுக்குச் சென்றனர். ஸ்மித்தும் போயிருக்கலாம், பணமும் கிடைத்திருக்கும். அவரோ நான்காம் ஆண்டும் கல்லூரியிலேயே தங்கினார். அடிபட்டால் எல்லாம் போய்விடும் ஆட்டத்தில் இது சிறிய துணிச்சல் அன்று.

அது கொரோனா ஆண்டு. அரங்குகள் பாதிக்கும் மேல் காலி. அக்டோபரில் மற்றொரு நல்ல வீரரான ஜேலன் வாடில் காயமுற்றதால், எதிரணிகளின் கண்கள் யாவும் ஸ்மித்தின் மேலேயே விழுந்தன. அப்படியிருந்தும் அவ்வாண்டில் 117 பந்துகள், 1,856 கெஜம், 23 டச் டவுன்! சொந்த மாநிலத்தின் எல்.எஸ்.யு. அணிக்கு எதிரே, காவலாளியின் தலைக்கு மேல் எழும்பி ஒரே கையால் பிடித்த பந்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். நம் சகோதரியருக்கு ஒரு சிறு வருத்தச் செய்தி: 2021 புத்தாண்டு நாளில் அன்னை மரியாளின் பெயர் தாங்கிய நோட்ரே டேம் பல்கலைக்கழக அணியையும் அலபாமா 31–14 என வென்றது. ஸ்மித் மட்டும் 3 டச் டவுன் எடுத்தார்.

கல்லூரி வீரருக்குரிய மிக உயர்ந்த பரிசு ஹைஸ்மன் கோப்பை. அது பெரும்பாலும் பந்தெறிபவருக்கே போகும். பந்து பிடிப்பவர்களுள் அதுவரை பெற்றவர் மூவரே: 1972-இல் ஜானி ராஜர்ஸ், 1987-இல் நோட்ரே டேமின் டிம் பிரவுன், 1991-இல் டெஸ்மண்ட் ஹவர்ட். 2021 ஜனவரி 5 அன்று நான்காமவராக ஸ்மித்தின் பெயர் அறிவிக்கப்பட்டது. உடல் சிறுத்த பிள்ளைகளை நினைத்து, தம்மையும் அதற்காகவே பலர் ஐயுற்றதை அவர் அன்று கூறினார். ஆறு நாள் கழித்து ஒகையோ ஸ்டேட்டுடன் இறுதிப் போட்டி. முதற்பாதியிலேயே 12 பந்துகள், 215 கெஜம், 3 டச் டவுன். பின்பு விரலில் அடிபட்டு வெளியேறினார். அலபாமா 52–24 என வென்றது.

பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவரைப் பத்தாவது தேர்வாக எடுத்துக்கொண்டது. அங்கே பந்தெறிந்துகொண்டிருந்தவர் ஜேலன் ஹர்ட்ஸ்! அன்று இடைவேளையில் உட்கார வைக்கப்பட்ட அதே ஹர்ட்ஸ்தான். 2023-இல் இருவரும் சூப்பர் பவுல் இறுதியில் கான்சஸ் சிட்டியிடம் 35–38 எனத் தோற்றனர். 2025 பிப்ரவரி 9 அன்று மீண்டும் அதே எதிரணி. இடம், ஸ்மித்தின் சொந்த மாநிலமான லூயிசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம். ஹர்ட்ஸ் நெடுந்தொலைவு எறிந்த பந்து ஸ்மித்தின் கைகளில் வந்து விழ, 46 கெஜ டச் டவுன்! ஈகிள்ஸ் 40–22 என வென்றது.