எழுத்துப்பிழையால் தப்பிய 2 கோடி டாலர்... தெரியுமா?

● "ஸ்பெயின் சிறையில் ஒரு பணக்காரர் வாடுகிறார். அவரை மீட்கப் பணம் அனுப்பினால் சொத்தில் பங்கு!" 19-ஆம் நூற்றாண்டிலேயே தபாலில் வந்த டுபாக்கூர் கடிதம் இது. இன்று ‘லாட்டரி விழுந்திருக்கிறது, முதலில் கட்டணம் கட்டுங்கள்’ என்று வரும் மெயிலுக்கு இதுதான் கொள்ளுத்தாத்தா!

● அந்த மெயில்களில் ஏன் அத்தனை அபத்தம்? வேண்டுமென்றேதானாம்! மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012-இல் தந்த விளக்கம்: விவரமானவர்கள் சிரித்துவிட்டு விலகிவிடுவார்கள், அதற்கும் பதில் போடுபவர்தான் கடைசிவரை ஏமாறக்கூடியவர். மோசடிக்காரனுக்கு நேரம் மிச்சம்!

● விவரமானவர்கள் மட்டும் தப்பிவிடுவார்களா? கூகுளும் ஃபேஸ்புக்குமே ஏமாந்தன! அவர்களோடு வியாபாரம் செய்த தைவான் கம்பெனியின் பெயரில் போலி பில் அனுப்பியே, 2013 முதல் 2015-க்குள் 12 கோடி டாலருக்கு மேல் கறந்தார் ஒரு லிதுவேனியாக்காரர். 2019-இல் 5 ஆண்டு சிறை!

● வேலை கேட்டு வந்த மெயில், பயோடேட்டா இருப்பதாகச் சொன்ன லிங்க்... வங்கதேச மத்திய வங்கிக்குள் திருடர்கள் நுழைந்தது இப்படித்தான்! 2016 பிப்ரவரியில் அதன் நியூயார்க் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலரைச் சுருட்டப் பார்த்தார்கள். 8.1 கோடி பிலிப்பைன்ஸுக்குப் பறந்தது. இலங்கைக்குக் கிளம்பிய 2 கோடியோ பாதியில் மாட்டிக்கொண்டது. பணம் போய்ச் சேரவேண்டிய அறக்கட்டளையின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்பதற்குப் பதில் ‘ஃபண்டேஷன்’! இடையிலிருந்த டாய்ச்செ வங்கி ‘இதென்ன?’ என்று விசாரிக்க, குட்டு உடைந்தது!

● அனுப்புநர் பெயரில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம், தெரியுமா? பெயரைத் தொட்டு, பின்னாலிருக்கும் முகவரியைப் பாருங்கள். அதையும் கூர்ந்து பாருங்கள்: ஆங்கிலச் சின்ன எழுத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றால் அச்சு அசலாக ‘எம்’!

● இந்திய வங்கிகளின் இணையதளங்கள் ‘.பேங்க்.இன்’ என்றே முடிய வேண்டும் என்று 2025-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது! ‘கேஒய்சி காலாவதி, இன்றே கணக்கு முடக்கம்’ என்று அவசரப்படுத்தும் மெயிலா? லிங்க்கில் கைவைக்காதீர்கள். வங்கி முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள்.

● அப்படியும் பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால், அங்கேயே முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு!