மாட்டாஸ்பத்திரிக்குப் போக வெட்கம் எதற்கு?
தங்கவயலில் நாயும் ஆடும் வளர்ப்பவர்களுக்கு ஒரு செலவுக் கணக்கு

தங்கவயல் லைன் வீடுகளில் நாய் இல்லாத வாசலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு ஆண்பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு வாசலில் ஒரு குரல் தேவைப்படுகிறது. அதற்குத்தான் நாய். ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் நாலைந்து ஆடு வைத்திருக்கிறார்கள். கோழி கேட்கவே வேண்டாம்.

வளர்ப்பது சுலபம். அதற்கு உடம்பு சரியில்லாமல் போனால் எங்கே போவது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. நமக்குச் சுரங்கக் காலத்துப் பழக்கம் ஒன்று உண்டு. தலைவலி என்றாலும் பிரசவம் என்றாலும் சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையிலிருந்து காசு எடுத்துப் பழக்கமில்லை. அதனால் இன்றைக்கும் வைத்தியத்துக்குப் பணம் என்றால் மனசு சுருங்குகிறது. ஆட்டுக்கும் நாய்க்கும் என்றால் சொல்லவே வேண்டாம்.

எங்கள் பக்கத்து லைன் பெரியவர் ஒருவர் ஏழு ஆடு வைத்திருந்தார். மாதாமாதம் வரும் பென்ஷன் அரிசிக்கே போதாது. ஆடுதான் அவருக்கு பாங்கி. ஒரு மழைக்காலத்தில் ஆடுகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகி, வாயில் புண் வந்து, பேதியும் கண்டது. ஊசி போடுகிறவர் என்று பெயர் வாங்கிய ஒருவரைக் கூப்பிட்டார். அவர் படித்தவர் அல்ல. ஒரு ஆட்டுக்கு 100 ரூபாய் வீதம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை, ஒரே ஊசியில் போட்டுவிட்டுப் போனார். ஐந்து நாளில் மூன்று ஆடு போய்விட்டது.

நான் போய்ப் பார்த்தபோது, மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்றேன்.

"தம்பி, அங்க போனா மாட்டுக்குத்தான் பாப்பாங்கன்னு நெனச்சேன். அதுவும் கன்னடத்துல பேசணும். இன்னா செய்றது?" என்றார்.

மறுநாள் அவரோடு போனேன். டாக்டர் நன்றாகவே தமிழ் பேசினார். பார்த்தவுடன் ஆட்டுக்கொல்லி நோய் என்றார். அது வைரஸால் வருவது. வந்த பிறகு அதைக் கொல்ல மருந்து கிடையாது. கூடவே வரும் நிமோனியாவுக்கும் பேதிக்கும்தான் வைத்தியம். வருவதற்கு முன் தடுப்பூசி போட்டால் ஏறக்குறைய மூன்று வருஷம் தாங்கும். அதை அரசு கால்நடை மருத்துவமனையிலேயே போடுகிறார்கள். 300 ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டியது மூன்று ஆடுகளைக் கொண்டு போய்விட்டது என்று சொல்லக்கூட முடியாது. அந்தத் தடுப்பூசிக்கு அவர் காசே கொடுத்திருக்க வேண்டியதில்லை.

யார் டாக்டர்?

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1984-ம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி, பி.வி.எஸ்சி. பட்டம் பெற்று மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்து கொண்டவர்தான் வைத்தியம் பார்க்கலாம். டிப்ளமா படித்த இன்ஸ்பெக்டர்கள் டாக்டரின் மேற்பார்வையில் சிறு வைத்தியங்கள் செய்யலாம். அதில் தப்பில்லை, அனுபவசாலிகள் இருக்கிறார்கள். மருந்துக் கடையில் நின்று பழகியவரும், நாய் விற்கிறவரும் டாக்டர் ஆகிவிட மாட்டார்கள். தனியார் கிளினிக் என்றால் போர்டிலோ சீட்டிலோ பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பட்டம் மட்டும் போதுமா என்றால், நான் இன்னும் சிலவற்றைப் பார்ப்பேன். நல்ல டாக்டர் ஊசியை எடுக்கும் முன் ஜுரம் பார்ப்பார், எடை கேட்பார், ஈறையும் வயிற்றையும் தொட்டுப் பார்ப்பார். என்ன மருந்து என்று சீட்டில் எழுதுவார். எழுதாமல் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த டாக்டரிடம் போனால் முன்னால் என்ன கொடுத்தார்கள் என்று சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது. செலவு எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்ல வேண்டும். தன்னால் முடியாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புகிறவராகவும் இருக்க வேண்டும்.

தடுப்பூசி மருந்து எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். மேஜை டிராயரிலிருந்து எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புட்டியில் இருக்கும் லேபிளை உரித்து நாயின் கார்டில் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள்.

என் வீட்டுக் கணக்கு

என் பையன் ஊர்காம் ஸ்டேஷன் பிளாட்பாரத்திலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்தான். ஊசி பிறகு போடலாம் என்று நானும் இருந்துவிட்டேன். இரண்டரை மாதத்தில் வாந்தியும் ரத்தப் பேதியும் வந்தது. பார்வோ என்றார் டாக்டர். 1970-களின் கடைசியில் உலகில் தலைகாட்டிய வைரஸ் இது. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றினோம். மொத்தம் 4,800 ரூபாய். குட்டி பிழைத்தது. ஆனால் அந்த மாதம் பால்காரருக்கும் சீட்டுக்கும் பாக்கி வைத்தேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பார்வோ உள்ளிட்ட கூட்டுத் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி ஒன்று, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. அதன் பிறகு எப்போது மறுபடி போட வேண்டும் என்பதை டாக்டர் கார்டில் எழுதுவார். எங்கள் நாய்க்கு வருஷம் ஒரு முறை. கூட்டு ஊசிக்கு நான் கொடுப்பது 600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரை, நான்கு தடவைக்கு 200. ஆக 800. வெறிநோய் ஊசிக்கு முகாமில் காசில்லை. ஜூலை 6 உலக விலங்குவழி நோய் தினத்திலும், செப்டம்பர் 28 வெறிநோய் தினத்திலும் அரசு மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். மாதம் 100 ரூபாய் தனியாகப் போட்டு வைத்தால் வருஷத்துக்கு 1,200. மீதி 400 அவசரத்துக்கு. இதை நான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறேன்; சீட்டுப் பணத்தோடு சேர்த்தால் தங்காது.

பூச்சி மாத்திரை எடைக்குத் தகுந்தபடி கொடுப்பது. கண் மதிப்பில் கொடுக்கக் கூடாது. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்தால் தெரிந்துவிடும்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று செய்யக்கூடாதவையும் உண்டு. சொறிக்கு வேஸ்ட் ஆயில் தடவுவது நம் ஊரில் பழைய வழக்கம். நாய் அதை நக்கும், விஷம் உள்ளே போகும், தோலும் வெந்துவிடும். மனிதர்களுக்கான ஜுர மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே எமன். வெந்த கோழி எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் வேண்டாம்.

ஆடு மாடு உள்ளவர்கள் 1962 என்ற எண்ணை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். கூப்பிட்டால் கால்நடை மருத்துவ வண்டி வீட்டுப் பக்கம் வரும். மாட்டுக்குக் கோமாரி ஊசி அரசு செலவில் போடுகிறார்கள். ஆட்டுக்கு மழைக்கு முன்னால் துள்ளுமாரி ஊசியையும், கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

கடித்தால் கணக்குப் பார்க்காதீர்கள்

ஒரே ஒரு விஷயத்தில் சிக்கனம் கூடாது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு மனிதரைக் காப்பாற்ற மருந்து இல்லை. 1885-ல் பாஸ்டர் தடுப்பூசி கண்டுபிடித்தார். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. அந்தக் காலத்தில் கடிபட்டவர்கள் மலையேறிப் போனார்கள். இன்று அரசு ஆஸ்பத்திரியிலேயே ஊசி இலவசம். நாய் கடித்தாலும், குட்டியின் பல் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே போங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். வீட்டு நாய்தானே என்று இருந்துவிட வேண்டாம்.

ஹெப்பாலுக்குப் போகிறவர்களுக்கு

எலும்பு முறிவு, ஆபரேஷன் என்றால் பெங்களூர் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கினால் ரிங் ரோடு வழியாக ஆட்டோவில் போய்விடலாம். ஆனால் ரயிலில் நாயை எப்படிக் கொண்டு போவது என்று கவுண்டரில் என்னிடம் கேட்கிறவர்கள் பலர். சின்னக் குட்டியைக் கூடையில் வைத்து, அதற்குரிய கட்டணம் செலுத்திப் பதிவு செய்து, எந்த வகுப்பிலும் கூட்டிப் போகலாம். பெரிய நாயை இரண்டாம் வகுப்பில் ஏற்ற அனுமதி இல்லை. முதல் வகுப்பில் அறை முழுவதையும் நாமே எடுத்தால் உண்டு. நாம் போகிற பாசஞ்சரில் அதற்கெல்லாம் வழியில்லை. கார்டு வண்டியில் நாய்ப்பெட்டி உள்ள ரயிலாகப் பார்த்து, பார்சல் ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். எந்த வண்டியில் எடுத்துக் கொள்வார்கள் என்று முந்தின நாளே கேட்டுக் கொள்ளுங்கள். தடுப்பூசிக் கார்டும் கையில் இருக்கட்டும். பதிவு செய்யாமல் பிடிபட்டால் கட்டணம் ஆறு மடங்கு.

பக்கத்து லைன் பெரியவரிடம் மீதியிருந்த நாலு ஆடும் தேறிவிட்டன. அதில் ஒன்று போன மாதம் இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு எந்த மாதத்தில் ஊசி என்று என்னைத்தான் வந்து கேட்டார். மாட்டாஸ்பத்திரி டாக்டரையே கேளுங்கள் என்றேன்.

"கேட்டுட்டேன் தம்பி, நாலு மாசம் ஆகணும்னு சொன்னாரு. நீ மறந்துடாம கேலண்டர்ல குறிச்சு வையி" என்றார்.