சோதனைக்குப் போனால் பிள்ளையை எடுத்துக்கொள்வார்களா?

கனடாவின் மக்கள்தொகையில் பூர்வகுடிகள் சுமார் 5 சதவீதம். புதிதாக எச்.ஐ.வி. தொற்றுவோரில் அவர்கள் பங்கு அதைப்போலப் பல மடங்கு. சஸ்காட்சுவான் மாகாணத்திலோ தொற்று கண்டறியப்படுவோரில் பெரும்பான்மையினர் அவர்களே. அங்கே கிருமி பெரும்பாலும் போதை ஊசி வழியே பரவியது. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் பலரும் அதில் சிக்கிக்கொண்டார்கள்.

மருந்தே எடுக்காத தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். கர்ப்ப காலத்திலேயே கூட்டு மருந்தைத் தொடங்கி, ரத்தத்தில் கிருமியின் அளவை நன்றாகக் குறைத்துவிட்டால் அது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். தாய்ப்பால் வழியாகவும் பரவலாம் என்பதால் பாலூட்டுவது பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியின் முதல் படி மருத்துவமனை. பலர் தயங்குவதே அங்கேதான். தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. கர்ப்பிணிக்கே தெரியாமல் அவரைப் பற்றிக் குழந்தைநலத் துறை மருத்துவமனைக்கு எச்சரிக்கை அனுப்பிவந்தது. பிரசவமான கையோடு சிசுவை எடுத்துக்கொண்டு போவதும் நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா 2019இலும் சஸ்காட்சுவான் 2021இலும்தான் இந்த வழக்கத்தைக் கைவிட்டன. சஸ்காட்சுவானின் சஸ்காட்டூன் நகரில் பூர்வகுடிப் பெண்களை வற்புறுத்திக் கருத்தடை அறுவைக்குச் சம்மதிக்க வைத்ததை 2017இல் ஒரு விசாரணை அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. இத்தனைக்கும் பிறகு அந்தப் பெண்களை ‘விழிப்புணர்வு இல்லாதவர்கள்’ என்பது அநியாயம்.

2020 ஜனவரி முதல் நடப்பில் உள்ள கூட்டாட்சிச் சட்டம் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வறுமை, வீட்டு வசதிக் குறைவு, பெற்றோரின் உடல்நிலை ஆகியவற்றை மட்டுமே காரணம் காட்டிப் பூர்வகுடிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கிறது அது. ஆகவே தாய்க்கு எச்.ஐ.வி. என்பது மட்டும் குழந்தையை எடுத்துக்கொள்ளப் போதுமான காரணம் ஆகாது. பரிசோதனையோ கருத்தடையோ, வேண்டாம் என மறுக்கவும் தாய்க்கு உரிமை உண்டு.

மருந்துச் செலவைப் பதிவு பெற்ற முதல் குடியினருக்கும் இனுயிட் மக்களுக்கும் மத்திய அரசு ஏற்கிறது. பூர்வகுடிகளின் இன்னொரு பிரிவான மேட்டி மக்கள் அதில் சேரவில்லை. ஆனால் சஸ்காட்சுவான் 2018இலிருந்து எச்.ஐ.வி. மருந்துச் செலவை எல்லோருக்கும் ஏற்கிறது.

தொற்று இருப்பதைத் துணையிடம் சொல்வதில் மட்டும் கவனம் தேவை. கிருமி அளவு குறைவாக இருந்து ஆணுறையும் அணிந்திருந்தால் ஒழிய, உறவுக்கு முன் சொல்லாதது குற்றமாகலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சொன்னால் அடி விழும் என்ற நிலையில் இருப்பவர் முதலில் வழக்கறிஞருடன் கலந்தாலோசிப்பது நல்லது.

கர்ப்பம் முழுக்கப் பரிசோதனையே செய்யாமல் வலியெடுத்து வருபவருக்கும் காலம் கடந்துவிடவில்லை. உடனே முடிவு சொல்லும் ரத்தப் பரிசோதனை உண்டு. தொற்று இருந்தால் பிரசவத்தின்போதே தாய்க்கு நரம்பு வழியாகவும், பிறந்த சில மணி நேரத்துக்குள் குழந்தைக்கும் மருந்து கொடுக்கலாம்.