கண்ணில் புரையா? வில்லை வைத்துப் பார்வை பெறலாம்

"பனி மூட்டம் மாதிரி இருக்குங்க. ஆனா பனி விலகவே மாட்டேங்குது." தோட்டங்களுக்குப் போகும்போது வயதான தாய்மாரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வயசு போனா இப்படித்தான் என்று பலர் லயத்துக்குள்ளேயே முடங்கிவிடுகிறார்கள். அப்படி முடங்கத் தேவையில்லை. இது கண்புரையாக இருந்தால் சத்திரசிகிச்சை மூலம் பார்வையைத் திரும்பப் பெற முடியும்.

புரை என்பது என்ன?

நமது கண்மணிக்குப் பின்னால் பளிங்கு போன்ற ஒரு வில்லை இருக்கிறது. அது வெளிச்சத்தைக் குவித்து உள்ளே அனுப்புகிறது. வயது போகப் போக இந்த வில்லை மங்கி, கஞ்சித்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். இதுதான் புரை. சீனி வியாதி உள்ளவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் இது முன்னதாகவே வரலாம்.

புரை கண்ணுக்கு மேலே படரும் தோல் அல்ல. ஆகவே பச்சிலைச் சாறோ, தாய்ப்பாலோ, விளக்கெண்ணெயோ விட்டு அதைக் கரைக்க முடியாது. அவற்றால் கண்ணில் கிருமி தொற்றிப் புண்ணாகி, உள்ள பார்வையும் போகலாம்.

வில்லை எப்படி வைக்கிறார்கள்?

முதலில் கண்ணை அளந்து, எந்தப் பவர் உள்ள வில்லை தேவை என்று கணக்கிடுவார்கள். பிறகு கண்ணை மட்டும் மரக்கச் செய்து, சிறிய வெட்டின் வழியாக மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, அது இருந்த பைக்குள்ளேயே புது வில்லையை வைப்பார்கள். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

"செத்தவங்க கண்ணையா வைக்கிறாங்க?" என்று சிலர் பயப்படுகிறார்கள். இல்லை. தானமாகக் கிடைக்கும் கண்களிலிருந்து எடுப்பது முன்பக்கத்துக் கருவிழிப் படலம்; அது வேறு சிகிச்சை. புரைக்கு வைப்பது பிளாஸ்டிக் வகையில் செய்த வில்லை. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கண்ணாடிச் சில்லுகள், கண்ணைக் கெடுக்காமல் உள்ளேயே கிடந்ததை ஹரோல்ட் ரிட்லி என்ற ஆங்கிலேய வைத்தியர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து, 1949இல் லண்டனில் முதன்முதலாகப் பொருத்தினார். அதற்கு முன்பு புரை எடுத்தவர்கள் மிகத் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நடமாட வேண்டியிருந்தது.

"நல்லா முத்தட்டுமே" என்று காத்திருக்கலாமா?

அது பழைய காலத்துப் பேச்சு. அன்றாட வேலைக்குப் பார்வை தடையாக வந்தாலே வைத்தியரிடம் போகலாம். அளவுக்கு மீறி முற்றினால் சத்திரசிகிச்சை கஷ்டமாகும். சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை அடியோடு போய்விடும். மங்கிய கண்ணோடு மலையில் ஏறி இறங்கினால் விழுந்து கால் கை முறியும் ஆபத்தும் உண்டு.

எல்லா மங்கலும் புரை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். கண் அழுத்த நோயாலும் சீனி வியாதியாலும் கண்ணின் உட்புறம் பழுதானால் வில்லை வைத்தும் அது திரும்பாது. அதனால்தான் நேரத்தோடு காட்டச் சொல்கிறோம்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு

• கொடுத்த சொட்டு மருந்தைச் சொன்ன நாள் வரை விடுங்கள்.
• கண்ணைக் கசக்காதீர்கள். தண்ணீர், தூசி, விறகடுப்புப் புகை படாமல் பாருங்கள்.
• கொழுந்துக் கூடை, விறகுக்கட்டு, தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள். எப்போது வேலைக்குப் போகலாம் என்று வைத்தியரிடமே கேட்டு, லீவுக்குத் துண்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.
• வலி, சிவப்பு, சீழ், திடீர் மங்கல் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எழுத்து வாசிக்கவும் ஊசியில் நூல் கோர்க்கவும் பலருக்குக் கண்ணாடி தேவைப்படும். சில மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடி மங்கினால் பயப்பட வேண்டாம். வில்லையைத் தாங்கும் பை மங்கியிருக்கலாம். லேசர் கதிரால் சில நிமிடங்களில் சரி செய்வார்கள்.

முதலில் தோட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டி, கண் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். போகும்போது கிளினிக் கொப்பியையும், குடிக்கும் மருந்துகளையும் கொண்டு போங்கள். தனியாகப் போகப் பயப்படும் அம்மா அப்பாவை, பிள்ளைகளே, ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை என்று நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.