77-ஆவது நிமிடம்

2016 பிப்ரவரி 6. இங்கிலாந்தின் ஆன்ஃபீல்டு கால்பந்து மைதானத்தில் சண்டர்லாந்துக்கு எதிராக லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. 77-ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 லிவர்பூல் ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். அடுத்த சீசனில் உச்ச டிக்கெட் விலை 77 பவுண்டு என்று கிளப் அறிவித்திருந்தது. அதை எதிர்த்து ‘ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி’ உள்ளிட்ட ரசிகர் சங்கங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. தலைமுறைகளாக வந்த உழைக்கும் குடும்பங்கள் இனி உள்ளே வரமுடியாமல் போகுமே என்பது அவர்கள் கவலை, நியாயமான கவலை. அவர்கள் போனபின் சண்டர்லாந்து 2 கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. நான்கே நாளில் லிவர்பூல் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். உச்ச விலை பழைய 59 பவுண்டிலேயே நின்றது.