பேருந்துக்குப் பணம் தருவது யார்? பினாங்குப் பயணி அறிய வேண்டியவை

பயணி கொடுக்கும் கட்டணம் பேருந்தை ஓட்டும் செலவில் ஒரு பகுதிதான். ஓட்டுநர் சம்பளம், டீசல், பழுதுபார்ப்பு என மிஞ்சும் செலவை அரசாங்கமோ ஊராட்சி மன்றமோ ஏற்றால்தான் சேவை நிலைக்கும். செலவை ஏற்பவர் கையில்தான் தடமும் கட்டணமும் இருக்கும். ஆகவே குறையைச் சொல்வதற்கு முன் எது யார் பொறுப்பு என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பணம் வரும் வழிகள்

ரேபிட் பினாங்கு சேவை 2007 ஜூலையில் தொடங்கியது. அதை நடத்தும் பிரசரானா, நிதியமைச்சுக்குச் சொந்தமான நிறுவனம். பேருந்துகளுக்கு உரிமம் வழங்குவதும் மத்திய அரசின் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்தான். மாநில அரசு தானாக ஒரு தடத்தைத் திறந்துவிட முடியாது.

ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் இடையே ஓடும் இலவச 'கேட்' பேருந்தின் கதை வேறு. அதன் செலவைப் பினாங்குத் தீவு மாநகர் மன்றம் ஏற்கிறது. இலவசப் பயணம் என்றாலும் யாரோ ஒருவர் பணம் கட்டத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அங்கே அந்தத் தொகையை மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது.

நிலத்தை விற்றுப் போக்குவரத்துக்குப் பணம் திரட்டுவது மூன்றாவது வழி. தீவின் தெற்கே கடலைத் தூர்த்து மூன்று தீவுகள் உருவாக்கி, அந்த நிலத்தின் வருமானத்தில் இலகு ரயில் அமைக்கப் பினாங்கு அரசு திட்டமிட்டது. 2023-இல் அது ஒரே தீவாகச் சுருங்கியது. 2024 மார்ச்சில் ரயில் திட்டத்தை மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. முத்தியாரா தடம் எனப்படும் அதன் பணிகள் 2025 ஜனவரி 11 அன்று தொடங்கிவைக்கப்பட்டன. மதிப்பீடு 1,680 கோடி ரிங்கிட். 2031-இல் முடிப்பது இலக்கு.

அபாயங்கள்

நில வருமானம் சந்தையோடு ஏறி இறங்கும். ரயிலில் ஏறாதவர்களும் அதற்கு விலை கொடுக்க நேரும். கடல் தூர்ப்பால் மீன்பிடி இடத்தை இழக்கும் தெலுக் கும்பார் பகுதி மீனவர்கள் அதற்குச் சான்று. ரயில் பணம் மத்திய அரசிடமிருந்து வந்த பின்னும் தீவுப் பணி நிற்கவில்லை.

பெரும் முதலீடு முழுவதும் ரயிலுக்கே போய்விட்டால் பேருந்து பின்தங்கும் என்பது இன்னோர் அபாயம். மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாத முதியவருக்கும் மாணவருக்கும் பேருந்து தாமதமானால் மாற்று வழி இல்லை. ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் வீட்டிலிருந்து நிலையம் வரை அவர்களைக் கொண்டு சேர்க்கப் பேருந்துதான் வேண்டும்.

உரிமைகள்

2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பொதுப் போக்குவரத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதை மீறுவோருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. நல்லெண்ணத்தில் நேர்ந்த குறைக்காக அரசுமீது வழக்குத் தொடரவும் 41-ஆம் பிரிவு இடம் தரவில்லை.

ரயில் திட்டங்களில் பொதுமக்களுக்கு இன்னும் வலுவான பிடி உண்டு. 2010-ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, திட்ட வரைவை மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் எவரும் எழுத்து வழியாகக் கருத்துச் சொல்லலாம். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கு வழங்கப்படும் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். மீனவர்களின் முறையீட்டை ஏற்று மேல்முறையீட்டு வாரியம் 2021 செப்டம்பரில் தீவுத் திட்டத்தின் அனுமதியை ரத்து செய்தது. 2023-இல் புதிய அறிக்கைக்கு அனுமதி கிடைத்த பிறகே பணி தொடங்கியது.

தீர்வுகள்

பேருந்து வராதது, சாய்தளம் இயங்காதது போன்ற புகார்களை முதலில் ரேபிட் பினாங்கிடமும், தீராவிட்டால் அபாட்டிடமும் தெரிவிக்க வேண்டும். நிறுத்தத்துக்குக் கூரை இல்லை, நடைபாதையில் சக்கர நாற்காலி போகாது என்றால் தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தையும் பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றத்தையும் அணுக வேண்டும். ஃபெரி 2021 முதல் பினாங்குத் துறைமுக நிறுவனத்தின் பொறுப்பு. அரசுத் துறைகள் பதில் தராதபோது பொதுப் புகார் பிரிவிடம் போகலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் உதவியையும் நாடலாம்.

புகாரில் தேதி, நேரம், தட எண், பேருந்துப் பதிவு எண், நிறுத்தத்தின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். புதிய தடமோ கட்டணச் சலுகையோ கேட்பவர்கள் மத்திய வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பே மனுவைக் கொடுத்துவிட வேண்டும். அது வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகிறது.