துரோகிக்கு முகம் இருந்த காலம்

1973 ஜனவரியில் வெளியான ஜப்பானியப் படம் ‘ஜிங்கி நாகி தாதகாய்’ ஓர் இறுதிச் சடங்கில் முடிகிறது. கொல்லப்பட்டுக் கிடப்பவன் சகாய். துக்கத்துக்கு வந்தவர்களில் முன்வரிசையில் இருப்பவர், அந்தச் சாவில் ஆதாயம் கண்ட கும்பல் தலைவர் யாமாமோரி. நாயகன் ஹிரோனோ வருகிறான், துப்பாக்கியை எடுக்கிறான். யாமாமோரியைச் சுடாமல் சகாய்க்கு வைத்த படையலைச் சுட்டுச் சிதறடிக்கிறான். அதட்டும் தலைவரிடம், இன்னும் குண்டு மிச்சமிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். பழி அப்படியே நிற்கிறது.

இதைத் தயாரித்த தோயெய் நிறுவனமே அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு தொடங்கிவைத்த யகூசா (ஜப்பானியக் குற்றக் கும்பல்) படங்களில் இப்படி ஒரு முடிவுக்கு இடமே கிடையாது. அந்தக் கதைகள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்தில் நடப்பவை. பேராசைக்காரக் கும்பலின் அக்கிரமங்களை நாயகன் பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பான். பெரியவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகுதான் வாளை எடுப்பான். 1965இல் தொடங்கிய ‘ஷோவா ஸான்கியோதென்’ வரிசையில் தகாகுரா கென்னும் இக்கேபே ரியோவும் எதிரி வீட்டை நோக்கிச் சேர்ந்து நடப்பார்கள். அந்த நடைக்காகவே கூட்டம் வந்தது. இரவுக் காட்சிகளில் மாணவர்கள் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். பகலில் போராட்டங்களில் போலீஸின் கேடயங்களுக்கு எதிரே நின்றவர்கள் அவர்கள். துரோகம் அந்த உலகத்தில் எவனோ ஒருவனின் ஈனம். அவனை வெட்டிவிட்டால் உலகம் சரியாகிவிடும்.

1973 படத்தின் இயக்குநர் புகாசாகு கின்ஜிக்கு இதில் நம்பிக்கை இருக்க வழியில்லை. 1945இல் பதினைந்து வயதில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குண்டுவீச்சில் செத்த சக பையன்களின் உடல்களை அள்ளிப்போட்டவர். பெரியவர்கள் சொன்ன வீரமும் விசுவாசமும் எதில் போய் முடிந்தன என்று கண்ணால் பார்த்தவர். அவருடைய படம் அணுகுண்டுப் புகையில் தொடங்கி, ஹிரோஷிமாவை அடுத்த குரே துறைமுகத்தின் கள்ளச்சந்தைக்குள் பாய்கிறது. கேமரா ஓரிடத்தில் நிற்காது. ஒருவன் செத்து விழுந்ததும் காட்சி உறைந்து, பெயரும் தேதியும் எழுத்தாக வரும். முன்னாள் யகூசா ஒருவரின் நினைவுக் குறிப்புகளை வைத்து இயிபோஷி கோயிச்சி எழுதிய தொடர்தான் மூலம். திரைக்கதை எழுதிய கசஹாரா கசுவோவே பழைய பாணியின் உச்சமான ‘சோச்சோ தோபாகு’வையும் 1968இல் எழுதியவர் என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. தான் கட்டியதைத் தானே இடிக்க எவ்வளவு நேர்மை வேண்டும்!

கனேகோ நோபுவோ நடித்த யாமாமோரியை மறக்கவே முடியாது. காரியம் ஆக வேண்டுமென்றால் அழுவார், கெஞ்சுவார். ஆள் சிறைக்குப் போனதும் கொடுத்த வாக்கு காற்றோடு போகும். சுகவாரா புந்தாவின் ஹிரோனோவுக்கு இது தெரிந்தும் அவரை வெட்டித் தள்ள முடிவதில்லை. ஒரு யாமாமோரி போனால் இன்னொருவர் வருவார். அந்த அமைப்பே துரோகத்தில்தான் ஓடுகிறது. பழிவாங்கும் சினிமாவில் இதைவிடக் கசப்பான உண்மையை நான் பார்த்ததில்லை.

நிஜ உலகம் பிறகு மாறியது. 1963இல் ஜப்பானில் சுமார் 1,84,000 யகூசாக்கள் இருந்தார்கள். 1992இல் கும்பல் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2011க்குள் எல்லா மாகாணங்களிலும் யகூசாவோடு தொடர்பு வைப்பதைத் தடுக்கும் விலக்கு விதிகள் வந்துவிட்டன. யகூசாவுக்கு வங்கிக் கணக்கு இல்லை, வாடகை வீடு இல்லை, கைபேசி இணைப்பு இல்லை. கும்பலை விட்டு விலகியவனையும் ஐந்து ஆண்டுகள் அப்படியே நடத்தலாம். 2024 முடிவில், தொடர்புடையவர்களையும் சேர்த்துச் சுமார் 18,800 பேர்தான் மிஞ்சினார்கள்.

புஜீ மிச்சிஹிதோவின் 2021 படமான ‘யகூசா தோ கசோகு’ இந்தச் சரிவுக்குள் நிற்கிறது. பதினான்கு ஆண்டுகள் கழித்துச் சிறையிலிருந்து வரும் யகூசா கென்ஜியை வரவேற்பது நாலைந்து கிழவர்களும் நோயில் விழுந்த தலைவரும். கும்பலை விட்டு, வேலை தேடி, குடும்பம் கட்டிய பழைய தோழன் ஒருவன் கென்ஜியோடு எடுத்த படம் இணையத்தில் பரவுகிறது. வேலையும் போகிறது, மனைவியும் குழந்தையும் போகிறார்கள். அவன் கத்தியை எடுத்துக்கொண்டு வருவது கென்ஜியைத் தேடித்தான். அவனை அழித்தது எந்தத் துரோகியும் அல்ல, சட்டமும் அக்கம்பக்கமும்தான். ஆனால் அவற்றைக் குத்த முடியாதே. விலகி வருகிறவனுக்கு வழி அடைத்த அந்த ஐந்தாண்டு விதி கொடுமையானது என்றே நான் நினைக்கிறேன்.

கும்பல்கள் தேய்ந்த இடத்தில் வேறொன்று வளர்ந்திருக்கிறது. கைபேசியில் வரும் வேலை விளம்பரத்தை நம்பிப் போகும் இளைஞர்கள், முகம் தெரியாத ஒருவரின் உத்தரவில் வீடு புகுந்து கொள்ளையடிக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் கைவிடப்படுகிறார்கள். ஹிரோனோவுக்கு யாமாமோரியின் வீடு தெரியும், அழுகை தெரியும். இந்தப் பையன்களுக்குத் தங்களை ஏமாற்றியவனின் பெயர்கூடத் தெரியாது. இவர்களைப் பற்றி இன்றைய புகாசாகு ஒருவர் எடுக்கும் படத்துக்காகக் காத்திருக்கிறேன்.